வெளிப்புறச் செயல்வழிக் கற்றலும் மதிப்பீடும்: மழலையர் ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று மண், நீர், செடி, பூச்சி ஆகியவற்றோடு பழகவிட வேண்டும் என்பதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் இன்று ஏற்றுக்கொள்கிறார்கள். தயக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே குழந்தை என்ன கற்றது என்பதை எப்படி அறிவது, எப்படிப் பதிவு செய்வது, பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் எதைக் காட்டுவது என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லாதபோது, வெளிப்புற நேரம் வெறும் இடைவேளையாகச் சுருங்கிவிடுகிறது. மதிப்பீடு மீண்டும் பயிற்சித்தாளுக்கும் மேசைக்கும் திரும்பிவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த இடைவெளியைப் பற்றியது.

இந்த வயதில் மதிப்பீடு என்பது குழந்தை செய்வதைக் கூர்ந்து கவனிப்பது, கவனித்ததை உள்ளபடி எழுதுவது, எழுதியதை வைத்து அடுத்த வாரம் முற்றத்தில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே வேலை. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் முயற்சியே.

வெளிப்புறக் கல்வி புதிதாக வந்த மோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் நகரில் மழலையர் கல்விக்கான நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், குழந்தைகள் தாமே பராமரிக்கும் தோட்டப் பாத்திகளைத் தம் கல்விமுறையின் பகுதியாகவே வைத்திருந்தார். 1914-இல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் மார்கரெட், ரேச்சல் மெக்மில்லன் சகோதரிகள் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினார்கள். ஆகவே, வெளியே செல்வதற்கு இன்று எவரும் தனியாக நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை; அதைச் செம்மையாகச் செய்வதற்கே உழைப்பு தேவைப்படுகிறது.

படி 1: எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்தல்

வெளியே வந்த பிறகு "இன்று எதைக் குறிப்பெடுக்கலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால், கண்ணில் படுவது சத்தமாகப் பேசும் குழந்தைகளும் சண்டையிடும் குழந்தைகளும்தான். ஒரு வாரத்திற்கு ஒரு கற்றல் நோக்கம், அதிகமாகப் போனால் இரண்டு, என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அந்த நோக்கம் கண்ணால் காணக்கூடிய செயலாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல்" என்று எழுதினால் அதை எவராலும் முற்றத்தில் பார்க்க முடியாது. "ஒருமுறை செய்து பலிக்காததை வேறு விதமாகச் செய்து பார்க்கிறதா" என்று எழுதினால் பார்க்க முடியும்.

நோக்கங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மொழி, எண், உடலியக்கம், பிறரோடு பழகுதல், உணர்வுகளைக் கையாளுதல், சூழலை ஆராய்தல் என்ற எல்லாத் துறைகளும் ஒரு பருவத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அடைக்க முற்படுவது வீண். வாளியில் நீர் சுமக்கும் ஒரு செயலிலேயே தசைவலிமை, அளவு, பேச்சு, பகிர்தல் நான்கும் கலந்திருக்கும் என்பதால், துறைகளைப் பிரித்துத் தனித்தனிச் செயல்பாடு அமைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

படி 2: இடத்தைத் தனியாக நடந்து பார்த்தல்

குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு முன் இடத்தை ஒருமுறை நின்றும், ஒருமுறை குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்தும் பாருங்கள். நின்றால் தெரியாத கம்பிமுனையும் உடைந்த ஓடும் குனிந்தால் தெரியும். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, மழை பெய்தால் நீர் எங்கே தேங்குகிறது, எந்தச் செடியில் முள் அல்லது நச்சுத்தன்மை இருக்கிறது, கைகழுவும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மைதானம் வேண்டும் என்பதில்லை. ஒரு மண்தொட்டியும் சில செடிகளும் ஒரு குழாயும் உள்ள சிறு முற்றம் ஓராண்டுக்குப் போதுமான பாடப்பொருளைத் தரும்.

பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. குழந்தையால் பார்க்கவோ கணிக்கவோ முடியாதவை, அதாவது தளர்ந்த கிளை, மூடியில்லாத தொட்டி, புதரில் கிடக்கும் கண்ணாடித் துண்டு ஆகியவை, முற்றிலும் அகற்றப்பட வேண்டியவை. குழந்தை தானே பார்த்து, எடைபோட்டு, "இதற்கு மேல் ஏறமாட்டேன்" என்று முடிவெடுக்கக்கூடியவை வேறு வகை. தாழ்வான மரக்கிளையில் ஏறுவதும் சரிவில் வேகமாக ஓடி இறங்குவதும் இவ்வகையில் அடங்கும். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், குழந்தைகள் நாடும் துணிச்சலான விளையாட்டை உயரம், வேகம், கூர்மையான கருவிகள், நீர், நெருப்பு போன்ற அபாயகரமான கூறுகள், கட்டிப்புரளுதல், பெரியவர் கண்ணிலிருந்து மறைந்துபோதல் என ஆறாக வகைப்படுத்தினார். இவை அனைத்தையும் தடுத்துவிட்டால், குழந்தை தன் உடலின் எல்லையைத் தானே அறியும் வாய்ப்பும் சேர்ந்து போய்விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் "இதனால் என்ன பயன், என்ன தீங்கு நேரலாம், தீங்கைக் குறைக்க என்ன செய்திருக்கிறோம்" என்று மூன்று வரிகளை எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால், அது மேலதிகாரிக்கும் பெற்றோருக்கும் போதுமான விளக்கமாக இருக்கும்.

நீரைப் பற்றி மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள நீரிலும் சிறு குழந்தை மூழ்கி உயிரிழக்கக்கூடும். நீர் உள்ள இடத்தில் ஒரு பெரியவர் வேறு வேலை எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். செயல்பாடு முடிந்தவுடன் ஒவ்வொரு வாளியும் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும்.

படி 3: பொருள்களைச் சேர்த்தல்

ஓவியரும் சிற்பியுமான சைமன் நிக்கல்சன் 1971-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு சூழலில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எத்தனை இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே புதிதாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் இருக்கும் என்பதே அது. மழலையர் முற்றத்துக்கு இதைவிடப் பயனுள்ள வழிகாட்டுதல் கிடைப்பது அரிது. நிலையாகப் பதித்த சறுக்குமரத்தில் சில வகைச் செயல்களுக்கு மேல் செய்ய இடமில்லை. பலகை, செங்கல், கயிறு, துணி, நீளவாக்கில் பிளந்த குழாய், கூழாங்கல், உலர்ந்த காய், குச்சி ஆகியவற்றைக் கொண்டு குழந்தை செய்யப்போவதை ஆசிரியரால் முன்கூட்டியே ஊகிக்கவும் முடியாது.

பொருள்களில் வகை குறைவாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கட்டும். பத்து வகைப் பொருள்கள் ஒவ்வொன்றாக இருந்தால் போட்டியும் அழுகையும் மிஞ்சும். மூன்று வகைகள் ஒவ்வொன்றிலும் முப்பது இருந்தால் கட்டுமானம் நடக்கும். மிகச் சிறிய பொருள்களை மூன்று வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளக்கவும் ஆராயவும் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒளி ஊடுருவும் புட்டிகள், புனல், வெவ்வேறு அளவுக் கோப்பைகள், நூல்கண்டு, சாக்பீஸ், அட்டையில் கிளிப்போட்டுச் செருகிய வெள்ளைத்தாள் ஆகியவை போதும்.

படி 4: நேரத்தையும் ஆட்களையும் அமைத்தல்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மிதமானது முதல் கடுமையானது வரையிலான இயக்கமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பதினைந்து நிமிட இடைவேளைகளால் இந்த அளவை எட்டுவது கடினம். கற்றலின் கோணத்திலும் துண்டுதுண்டான நேரம் பயன்படாது. வெளியே வந்த முதல் சில நிமிடங்கள் ஓட்டத்திலும் கூச்சலிலும் கழியும். அதன் பிறகே குழந்தை ஒரு பொருளில் நிலைகொள்ளும். நிலைகொண்ட பிறகுதான் நீங்கள் கவனிக்க ஏதேனும் நிகழும். ஆகவே தடையின்றி 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை ஒதுக்குங்கள்.

இருக்கும் பெரியவர்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முழு இடத்தையும் கண்காணிக்கட்டும். மற்றவர் ஒரு செயல்பாட்டின் அருகே அமர்ந்து கவனித்து எழுதட்டும். இருவரும் இரண்டு வேலைகளையும் செய்ய முற்பட்டால், பாதுகாப்பும் அரைகுறையாகும், குறிப்பும் அரைகுறையாகும். எல்லையைக் குழந்தைகளோடு சேர்ந்து நடந்து காட்டுங்கள். "தூரமாகப் போகாதீர்கள்" என்பதற்குப் பதிலாக, "அந்த நீலத்துணி கட்டிய கம்பம் வரை போகலாம்" என்று சொல்லுங்கள். கூடுவதற்கான ஒலிக்குறிப்பை முதல் வாரத்திலேயே விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும்.

படி 5: செயல்பாடுகளும் ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியவையும்

நீரும் சரிவும். பிளந்த குழாய்கள் மூன்று, செங்கற்கள், கோப்பைகள், ஒரு வாளி நீர் ஆகியவற்றை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். குழாயை எப்படிச் சாய்ப்பது என்று செய்து காட்ட வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலான குழந்தைகள் குழாயைத் தரையில் படுக்க வைத்து நீரை ஊற்றுவார்கள். நீர் இரு பக்கமும் வழிந்துவிடும். அடுத்த சில நொடிகளில் நடப்பதுதான் மதிப்பீட்டின் சாரம். ஒரு குழந்தை அதே இடத்தில் இன்னும் அதிக நீரை ஊற்றும். அதாவது அளவைக் கூட்டினால் பலன் மாறும் என்று கருதுகிறது. ஒரு குழந்தை குழாயைக் கையால் தூக்கிப் பிடிக்கும். சரிவின் பயன் அதற்குப் புலப்பட்டுவிட்டது, ஆனால் கையை விட்டால் குழாய் விழுமே என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. ஒரு குழந்தை செங்கல்லை முட்டுக்கொடுக்கும். ஒரு குழந்தை பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து "இதைப் பிடித்துக்கொள்" என்று கேட்கும். இங்கே கருவிக்குப் பதிலாகக் கூட்டுறவு தீர்வாக வருகிறது. நால்வரும் நான்கு விதமாகச் சிந்திக்கிறார்கள். எந்தப் பயிற்சித்தாளும் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

இரண்டாம் வாரத்தில் உயரமான ஒல்லிப் புட்டியையும் அகலமான கிண்ணத்தையும் சேர்த்து வையுங்கள். ஒரே கோப்பை நீரை இரண்டிலும் மாறிமாறி ஊற்றும் நான்கு வயதுக் குழந்தை, புட்டியில்தான் அதிக நீர் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடும். பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பொதுவாக ஆறு, ஏழு வயதை ஒட்டியே நிலைபெறுகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே விளக்கினார். எனவே அந்த விடையைத் திருத்த வேண்டாம். "எப்படிச் சொல்கிறாய்" என்று கேட்டு, குழந்தை சொல்லும் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு அதே குழந்தை சொல்லும் காரணத்தோடு ஒப்பிடும்போதுதான் இந்தக் குறிப்பின் மதிப்பு தெரியும்.

மண்புழு. ஈர மண்ணைச் சிறு கரண்டியால் கிளறும் குழந்தைகள் மண்புழுவைக் கண்டால், உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அதில் புழுவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்புழு ஈரத் தோலின் வழியாகச் சுவாசிக்கிறது. காய்ந்த கையும் வெயிலும் அதற்குத் தீங்கு. இந்தக் காரணத்தைக் குழந்தைகளிடம் எளிமையாகச் சொன்னால், கருணையும் அறிவியலும் ஒன்றாகவே போய்ச் சேரும். எது முன்பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, தொட்டால் என்ன செய்கிறது, ஈர மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே வைத்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கட்டும். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டு மண்ணால் மூட வேண்டும். மூடும் பொறுப்பை யார் தாமாக ஏற்கிறார், யார் தொட அஞ்சினாலும் அருகில் நின்று வழிகாட்டுகிறார் என்பதும் குறிப்பில் இடம்பெறத் தக்கதே.

இதையே எறும்புக்கு நீட்டலாம். முதலில் நினைவிலிருந்து எறும்பை வரையச் சொல்லுங்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டு மறுபடியும் வரையச் சொல்லுங்கள். முதல் படத்தில் கால்கள் எத்தனையோ இருக்கும். இரண்டாவதில் ஆறு கால்களும் உடலின் மூன்று பகுதிகளும் தோன்றத் தொடங்கும். இரண்டு படங்களையும் தேதியிட்டு ஒன்றாகக் கோப்பில் வைத்தால், கவனிக்கும் திறன் வளர்ந்ததற்குத் தனியாக எந்த விளக்கமும் தேவைப்படாது.

நிழல். காலையில் குழந்தையின் பாதங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, நிழலின் ஓரத்தையும் வரையுங்கள். நண்பகலை நெருங்கும்போது அதே பாதத் தடத்தில் நிறுத்தி மறுபடி வரையுங்கள். நிழல் சுருங்கியிருக்கும், திசையும் மாறியிருக்கும். வரைவதற்கு முன்பே "நிழல் இப்போது எங்கே விழும் என்று நினைக்கிறாய், அங்கே ஒரு கல்லை வை" என்று சொன்னால், குழந்தையின் ஊகம் கண்ணெதிரே பதிவாகிவிடும். வாய்ச்சொல் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கல் வைக்கும் முறை மிகப் பொருத்தமானது.

விதை. பெரிய விதைகளை ஓர் இரவு ஊறவைத்து, ஒளி ஊடுருவும் புட்டியின் சுவரோரமாக ஈரத்தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே சிலவற்றையும், மண்ணில் சிலவற்றையும் இடுங்கள். புட்டியில் முதலில் வேர் கீழ்நோக்கி வருவதைக் குழந்தைகள் நேரில் காண்பார்கள். முளை வெளிவந்ததும் குறிப்பிட்ட நாள்களில் அதன் உயரத்துக்குக் காகிதப் பட்டையை வெட்டி வரிசையாக ஒட்டினால், எண் எழுதத் தெரியாத குழந்தையும் வளர்ச்சியின் வரைபடத்தைத் தானே உருவாக்கிவிடும்.

எண்ணுதல். கூழாங்கற்களையும் காய்களையும் எண்ணும்போது விடை சரியா என்று மட்டும் பார்ப்பது போதாது. 1978-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் இருவரும் எண்ணுதலின் அடிப்படைக் கூறுகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று சொல்கிறதா, எண்களை மாறாத வரிசையில் சொல்கிறதா, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிந்திருக்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை. குழந்தை ஏழு கற்களைத் தொட்டுத்தொட்டு எண்ணி முடித்ததும் "ஆக மொத்தம் எத்தனை" என்று கேளுங்கள். உடனே "ஏழு" என்றால் மூன்றாம் கூறும் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் வரவில்லை. பத்து நொடியில் கிடைக்கும் இந்தத் தகவல், அடுத்த வாரம் இந்தக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

படி 6: பேசுவதும் காத்திருப்பதும்

வெளியில் ஆசிரியரின் பேச்சு பெரும்பாலும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. "இது என்ன நிறம், இது எத்தனை" என்று அடுக்கினால், ஆழ்ந்திருந்த குழந்தை நிமிர்ந்து தேர்வுக்கு விடை சொல்லத் தொடங்கும், ஆழம் கலைந்துவிடும். முதலில் அருகே அமர்ந்து சில நிமிடங்கள் பேசாமல் இருங்கள். பிறகு நடப்பதைச் சொல்லுங்கள்: "நீர் இந்தப் பக்கமாகவே வருகிறது." பெரும்பாலும் குழந்தை அதற்குத் தானாகவே மறுமொழி தரும். கேள்வி கேட்பதானால் "இப்போது என்ன செய்யப் போகிறாய்", "இதை நகர்த்தினால் என்ன ஆகும்", "உனக்கு எப்படித் தெரிந்தது" என்ற வகையில் கேளுங்கள்.

கேட்ட பிறகு காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி மட்டுமே காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடிகளுக்கு மேல் காத்திருந்தால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்பதையும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டறிந்தார். மழலையருக்கு மூன்று நொடியும் குறைவு என்பது என் கருத்து. கையில் மண்ணோடு இருக்கும் குழந்தைக்கு, நினைப்பதைச் சொல்லாக்க இன்னும் நேரம் தேவைப்படுகிறது.

படி 7: கண்டதை எழுதுதல்

முழு வழிகாட்டியிலும் மிகுந்த பயிற்சி தேவைப்படும் படி இதுவே. பின்வரும் இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நீரில் ஆர்வமாக விளையாடினாள். படைப்பாற்றல் மிக்கவள். நண்பர்களோடு நன்றாகப் பழகினாள்."

"காலை 10.20. குழாயின் ஒரு முனையில் கோப்பையால் நீர் ஊற்றினாள். நீர் திரும்பி அவள் காலில் வழிந்தது. 'கீழ போகமாட்டேங்குது' என்றாள். அந்தப் பக்கம் கிடந்த செங்கல்லை எடுத்து, தான் ஊற்றும் முனைக்கு அடியில் வைத்தாள். மறுபடி ஊற்றினாள், ஓடியது. பக்கத்தில் நின்ற சிறுவனிடம் 'இங்க ஒசரமா வைக்கணும்' என்று தன் செங்கல்லைத் தொட்டுக் காட்டினாள்."

முதல் குறிப்பு எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் குழந்தையைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. இரண்டாவதில் சிக்கலை உணர்ந்தது, காரணத்தை ஊகித்தது, கருவியைத் தேர்ந்தெடுத்தது, சோதித்தது, பிறருக்கு விளக்கியது ஐந்தும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட ஆசிரியர் பெயர் சூட்டி எழுதவில்லை. செயலையும் சொல்லையும் மட்டும் எழுதுங்கள். குழந்தையின் பேச்சை அது பேசியபடியே, பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதுங்கள். உங்கள் கருத்தை அதே தாளில் கோடு போட்டுப் பிரித்த தனிப்பகுதியில், அன்றே ஆனால் பிறகு, எழுதுங்கள்.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே நாளில் எழுத முடியாது. இருபது பேர் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு நான்கு பெயர்களை முன்பே ஒதுக்கிவிட்டால், ஐந்து பள்ளி நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அமைதியான குழந்தைகளின் பக்கங்கள் காலியாகவே இருக்கும். மாதக் கடைசியில் கோப்பைப் புரட்டும்போதுதான் அது தெரியவரும். ஒரு குறிப்புக்கு ஐந்தாறு வரிகள் போதும். எழுத முடியாத வேளையில் ஒளிப்படமோ சிறு குரல்பதிவோ எடுத்து வைத்துப் பிறகு எழுதலாம். ஒளிப்படத்தில் முகத்தைவிடக் கைகள் முக்கியம். அவைதான் செயலைக் காட்டும். படம் எடுக்கவும் பகிரவும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்பே பெறப்பட்டிருக்க வேண்டும்.

படி 8: எழுதியதற்குப் பொருள் காணுதல்

ஒரே ஒரு நிகழ்வை வைத்து "இந்தத் திறன் வந்துவிட்டது" என்றோ "வரவில்லை" என்றோ முடிவு கட்டாதீர்கள். வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு சூழல்களில் கிடைத்த மூன்று குறிப்புகளாவது ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும். அதன் பிறகு பதிவேட்டில் "உதவியோடு செய்கிறது", "சில வேளைகளில் தானே செய்கிறது", "வெவ்வேறு சூழல்களிலும் தானே செய்கிறது" என்ற மூன்று நிலைகளில் ஒன்றைக் குறிக்கலாம். மதிப்பெண்ணும் தரவரிசையும் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அவை குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய தூக்கத்தையும் மனநிலையையும் பற்றியே அதிகம் சொல்கின்றன.

திறனோடு ஈடுபாட்டையும் பாருங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ரே லேவர்ஸ் உருவாக்கிய அளவுகோல், குழந்தையின் மனநிறைவையும் ஈடுபாட்டையும் ஐந்து நிலைகளில் மதிப்பிடுகிறது. ஒரு செயல்பாட்டில் பலரின் ஈடுபாடு தாழ்ந்திருந்தால், குறை குழந்தைகளிடம் இல்லை, நாம் அமைத்த செயல்பாட்டில் இருக்கிறது என்று கொள்வதே நேர்மையானது. நியூசிலாந்துக் கல்வியாளர் மார்கரெட் கார் வளர்த்தெடுத்த கற்றல் கதை முறையும், அதாவது கவனித்த நிகழ்வைச் சிறு கதையாக எழுதும் முறையும், இங்கே உதவும். ஆர்வம் கொள்ளுதல், ஆழ்ந்து ஈடுபடுதல், கடினமானபோதும் விடாமல் முயலுதல், கருத்தை வெளிப்படுத்துதல், பொறுப்பேற்றல் என்ற ஐந்து மனப்பாங்குகளைத் தேடிக் கவனிக்க அது கற்பிக்கிறது.

சில நடத்தைகளை அவசரமாகப் படித்தால் தவறாகவே படிப்போம். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தையைச் சோம்பல் என்றோ கூச்சம் என்றோ எழுதிவிடுவது எளிது. பிறர் விளையாடுவதைப் பார்ப்பதையே சமூக விளையாட்டின் ஒரு நிலையாக அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகைப்படுத்தினார். அந்தக் குழந்தையின் கண்கள் எதைப் பின்தொடர்கின்றன, மறுநாள் அது தனியே எதைச் செய்து பார்க்கிறது என்று கவனியுங்கள். அதேபோல் கற்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்துகொண்டே இருக்கும் குழந்தை, எல்லாவற்றையும் சுற்றி வேலி கட்டும் குழந்தை, எதையும் உருட்டிப் பார்க்கும் குழந்தை ஆகியோரிடம் ஒரே செயல் திரும்பத்திரும்ப வருவது தற்செயல் அல்ல. அதில் ஒரு கருத்தை அவர்கள் பல பொருள்களில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈர மண்ணைத் தொட மறுக்கும் குழந்தைக்கு நீண்ட கைப்பிடிக் கரண்டி கொடுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கு மண்தொட்டியை மடிமட்டத்துக்கு உயர்த்துங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை தன் மொழியில் சொன்னதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். இவற்றைச் செய்யாமல் எடுக்கும் மதிப்பீடு, குழந்தையின் திறனை அளக்காமல் நம் முற்றத்தின் குறைபாட்டையே அளக்கும். ஒரு திறன் பல வாரங்களாக எந்தச் சூழலிலும் வெளிப்படவில்லை என்றால், குறிப்புகளைப் பெற்றோரோடு பகிர்ந்து, வல்லுநரின் ஆலோசனையை நாடச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் சூட்ட வேண்டாம்.

படி 9: அடுத்த வாரத்துக்கு முற்றத்தை மாற்றுதல்

வார இறுதியில் அரைமணி நேரம் ஆசிரியர்கள் அனைவரும் குறிப்புகளோடு அமர வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே கேள்வி: "இதனால் அடுத்த வாரம் எதைச் சேர்ப்போம், எதை எடுப்போம், எதைத் தொடாமல் விடுவோம்?" சரிவைக் கண்டுபிடித்த சிறுமிக்கு நீளமான குழாயும் ஒரு வளைவும் சேர்க்கலாம். நீரை மட்டும் கூட்டிக்கொண்டிருந்த சிறுவனுக்கு அருகே, ஏற்கெனவே சாய்த்து வைத்த ஒரு குழாயைச் சும்மா விட்டுவைக்கலாம். மொத்தம் சொல்லத் தெரியாத குழந்தையிடம் "எல்லாருக்கும் ஆளுக்கொரு கரண்டி, எத்தனை வேண்டும் என்று சொல்லி எடுத்து வா" என்று உண்மையான வேலை ஒன்றைக் கொடுக்கலாம். மாற்றம் சிறியதாக இருக்கட்டும். முற்றம் முழுவதையும் வாரந்தோறும் புதிதாக்கினால், சென்ற வாரம் தொடங்கியதைக் குழந்தைகளால் தொடர முடியாது.

படி 10: பெற்றோரும் கோப்பும்

ஒவ்வொரு குழந்தைக்கும் தேதி வரிசையில் குறிப்புகள், படங்கள், ஓவியங்கள், காகிதப் பட்டைகள் அடங்கிய ஒரு கோப்பு இருக்கட்டும். சேர்ப்பவற்றில் சிலவற்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். "இதை ஏன் வைக்கிறாய்" என்ற கேள்விக்கு அது தரும் விடையையும் பக்கத்தில் எழுதுங்கள். பெற்றோர் சந்திப்பில் பொதுவான புகழ்ச்சியோடு தொடங்காமல், ஒரு குறிப்பை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். "வீட்டில் இதுபோல் எதையாவது பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்டு, அவர்கள் சொல்வதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பேசாத குழந்தை வீட்டில் பேசும், வீட்டில் ஏறாத குழந்தை பள்ளியில் ஏறும். ஆடை அழுக்காவது குறித்த கவலைக்கு முதல் சந்திப்பிலேயே இடம் கொடுத்து, மாற்றுடை ஒன்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

பருவ முடிவில் தலைமையாசிரியருக்கு அளிக்கும் அறிக்கை ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு துறையிலும் மூன்று நிலைகளில் எதில் குழந்தை இருக்கிறது என்பதையும், அதற்கு ஆதாரமான குறிப்புகளின் தேதிகளையும், அடுத்த பருவத்தில் முதலில் அமைக்கவிருக்கும் செயல்பாட்டையும் எழுதுங்கள். ஆதாரத் தேதி இல்லாத நிலைக்குறியீடு எதையும் அறிக்கையில் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அந்தக் குழந்தையின் பெயரை அடுத்த பருவத்தின் முதல் வாரக் கவனிப்புப் பட்டியலில் மேலே எழுதி வையுங்கள்.